எம்2 கமராவுக்கு 28, 35, 40: எந்த லென்ஸ் பொருந்தும்?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், ஏனெனில் என் பதில் முழுவதும் அந்த விவரங்களிலேயே தங்கியிருக்கிறது. இலண்டனிலிருந்து வந்த உங்கள் மாமா தமது பழைய லைக்கா எம்2 கமராவையும் அதனோடு ஒரு 50 மி.மீ. எஃப்/2 சுமிக்ரோன் லென்ஸையும் உங்களிடம் கொடுத்துச் சென்றிருக்கிறார். நீங்கள் மூக்குக்கண்ணாடி அணிபவர். நல்லூர்த் திருவிழாவையும், குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகையும், அம்மம்மாவின் பழைய வீட்டையும் படமெடுக்க விரும்புகிறீர்கள். மூன்று இடத்திலும் 50 நெருக்கமாக இருக்கிறது. ஆகவே 28, 35, 40 மி.மீ. ஆகிய மூன்றில் (எண் சிறிதானால் காட்சி அகலும்) எதை, எவ்வளவு பெரிய துளையோடு (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது), பழையதாகவா புதியதாகவா வாங்குவது என்பதே கேள்வி. என் பதில்: 35, எஃப்/2.5 அல்லது எஃப்/2, தற்காலத் தயாரிப்பு. இந்த முடிவுக்கு நான் வந்த வழியையும் சொல்கிறேன். உங்கள் நிலைமையில் ஏதாவது மாறினால் அப்போது நீங்களே கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

உங்கள் எம்2 ரேஞ்ச்ஃபைண்டர் வகை, அதாவது சாளரத்தில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் கமரா. இந்த வகையில் லென்ஸைத் தெரிவுசெய்வது பெரும்பாலும் வியூஃபைண்டர்தான். உள்ளே எகிறும் கண்ணாடி உள்ள எஸ்எல்ஆர் கமராவில் எந்த லென்ஸைப் பூட்டினாலும் அந்த லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். இங்கே லென்ஸுக்கு அருகிலுள்ள தனிச் சாளரம் ஒன்றினூடாகப் பார்க்கிறோம், அந்தச் சாளரத்துள் ஒளிரும் சட்டக் கோடுகள்தான் படத்தின் எல்லையைச் சொல்கின்றன. 1954இல் வெளிவந்த லைக்கா எம்3 கமராவில் 50, 90, 135 ஆகியவற்றுக்கே கோடுகள் இருந்தன. அதில் 35 பாவிக்க விரும்பியவர்கள் தனி ஃபைண்டரையோ, சாளரங்களுக்கு முன்னால் வரும்படி இரண்டு கண்ணாடிகள் பொருத்திய பாரமான லென்ஸையோ வாங்க வேண்டியிருந்தது. அதன் பின் வந்த உங்கள் எம்2 உருப்பெருக்கத்தை 0.72 ஆகக் குறைத்து 35, 50, 90 என்ற மூன்று கோடுகளை, பூட்டிய லென்ஸுக்கேற்ப ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் தெரியும்படி, வைத்துக்கொண்டது. அதாவது உங்கள் கமராவே 35 பாவிப்பவருக்காக வடிவமைக்கப்பட்டது என்று சொல்லலாம். 28க்கான கோடு எம்4-பி வரும்வரை எம் வரிசையில் இல்லை.

28 வாங்கினால் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, கோடுகளைக் கவனியாமல் சாளரம் முழுவதையும் 28 என்று எடுத்துக்கொள்வது. கண்ணாடி அணியாதவர் கண்ணைச் சாளரத்தோடு ஒட்டவைத்து இதை ஓரளவு செய்யலாம், ஆனால் உங்கள் கண்ணுக்கும் சாளரத்துக்கும் இடையே மூக்குக்கண்ணாடியின் தடிப்பு இருப்பதால் ஓரங்கள் தெரியாது. உண்மையில் 0.72 சாளரத்தில் 35இன் கோட்டையே கண்ணாடியோடு பார்ப்பவருக்கு நான்கு மூலைகளும் ஒருங்கே தெரிவது மட்டுமட்டுத்தான். மற்றது, கமராவின் மேல் தனியாக ஒரு 28 ஃபைண்டரைச் செருகுவது. அதில் காட்சி பெரிதாகவும் தெளிவாகவும் இருக்கும், ஆனால் ஃபோகஸ் செய்ய ஒரு சாளரம், சட்டகம் பார்க்க இன்னொரு சாளரம் என்று கண் இடம் மாற வேண்டியிருக்கும். தேர் அசைந்து வரும்போது அந்த அரைச் செக்கனில் படம் போய்விடும். நிலையான காட்சிகளை மட்டும் எடுப்பவருக்கு இது ஒரு குறையல்ல. நீங்கள் சொன்ன மூன்று இடங்களில் இரண்டில் மனிதர்கள் அசைந்துகொண்டிருக்கிறார்கள்.

இனி தூரக் கணக்கு. ஃபிலிமின் சட்டகம் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். ஆகவே கமராவைக் கிடையாகப் பிடிக்கும்போது 35 மி.மீ. லென்ஸ் எவ்வளவு தூரத்தில் நிற்கிறோமோ ஏறக்குறைய அவ்வளவு அகலத்தை உள்வாங்கும்: மூன்று மீற்றரில் நின்றால் மூன்று மீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலம், இரண்டு மீற்றரில் நின்றால் இரண்டு மீற்றர். இதைப் போலச் சுலபமாக மனத்தில் நிற்கும் கணக்கு வேறு எந்த லென்ஸுக்கும் இல்லை. 28 தூரத்தின் ஒன்றேகால் மடங்கைவிடச் சற்றுக் கூடுதலாகவும், 40 பத்தில் ஒன்பது பங்கையும், 50 முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவும் எடுக்கும். கமராவைக் கண்ணில் வைக்குமுன்னரே, இந்த ஒழுங்கையின் இருபக்க வேலியும் சட்டகத்துள் வருமா என்று 35 பாவிப்பவர் தன் கால்தூரத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

குறிகட்டுவான் படகை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர் இருக்கையில் இருப்பவர் உங்களிடமிருந்து ஒன்றரை மீற்றருக்கு மேல் இருக்கமாட்டார், பின்னால் நகரவும் இடமில்லை. அந்தத் தூரத்தில் 50 லென்ஸ் 1.08 மீற்றர் அகலமும் 72 சென்ரிமீற்றர் உயரமும்தான் எடுக்கும். ஒருவருடைய தலையும் மார்பும் வரும், பக்கத்திலிருப்பவரின் தோள் வெட்டுப்படும். 35 ஒன்றரை மீற்றர் அகலமும் ஒரு மீற்றருக்குச் சற்று மேல் உயரமும் எடுக்கும். அருகருகே இருக்கும் இரண்டு பேர் தலை முதல் மடிவரை, மடியிலுள்ள பூசைத் தட்டோடும் பின்னால் தெரியும் கடலின் ஒரு கீற்றோடும் வந்துவிடுவார்கள். 28 இன்னும் ஒருவரைச் சேர்க்கும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நேர்கோடுகளை நேராகவே வரையும் எந்த அகல லென்ஸும் ஓரத்தில் உள்ள உருவங்களை வெளிப்பக்கமாக இழுக்கும்; இது லென்ஸின் தரக்குறைவு அன்று, தட்டையான ஃபிலிமில் விழும் வடிவக்கணிதத்தின் விளைவு. சட்டகத்தின் இடது வலது ஓரத்தில் வரும் முகம் 35இல் ஏறக்குறைய 12 சதவீதமும் 28இல் ஏறக்குறைய 19 சதவீதமும் அகன்று தெரியும். பன்னிரண்டைக் கண் பொறுத்துக்கொள்கிறது. பத்தொன்பதை, அதுவும் தெரிந்தவர் முகத்தில், பொறுப்பதில்லை. என்னிடம் ஒரு காலத்தில் 28 இருந்தது. ஒரு கலியாண வீட்டில் எடுத்த குழுப்படத்தில் ஓரத்தில் நின்ற பெரியம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு ஆட்களுக்கு அதைப் பாவிப்பதை விட்டுவிட்டேன்.

28 உண்மையாகவே வெல்லும் இடம் கோபுரமும் தேரும். கமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் நிமிர்ந்த கோடுகள் மேலே ஒன்றையொன்று நெருங்கும். அதைத் தவிர்க்கக் கமராவை மட்டமாகப் பிடிக்க வேண்டும், அப்படிப் பிடித்தால் சட்டகத்தின் மேற்பாதி மட்டுமே கண்மட்டத்துக்கு மேலே பயன்படும். கண்மட்டம் ஒன்றரை மீற்றர் என்று வைத்து, பத்து மீற்றர் உயரமான ஒன்றை நெடுக்குச் சட்டகத்தில் சாய்வின்றி முழுதாக எடுக்க 50 லென்ஸோடு சுமார் 23.6 மீற்றரும், 35 லென்ஸோடு 16.5 மீற்றரும், 28 லென்ஸோடு 13.2 மீற்றரும் பின்னே நிற்க வேண்டும். நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழாவின் இருபத்துநான்காம் நாள், தேரன்று, வெளிவீதியில் பதினாறு மீற்றர் பின்னே நின்றால் உங்களுக்கும் தேருக்கும் நடுவே தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. பதின்மூன்று மீற்றரிலும் அதே கதைதான். ஒரு மதிலின் மேலோ படியின் மேலோ ஏறி நின்று கண்மட்டத்தை உயர்த்துவது, லென்ஸை 28க்கு மாற்றுவதைவிடக் கூடிய பலனைத் தரும். கோயிலின் உள்ளே படமெடுக்க அனுமதியில்லை என்பதால் மண்டபத்துக்காக 28 தேடும் தேவையும் அங்கே எழாது.

அம்மம்மாவின் வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதில் நாற்சார வீடு என்று இருந்தது. முற்றத்தின் குறுக்கே நின்று எதிர் விறாந்தையை எடுக்க 35 தாராளம். அறைக்குள்ளும் குசினிக்குள்ளும் முழு அறையையும் காட்ட வேண்டும் என்று நினைத்தால் 28உம் போதாது, 21 வேண்டும்; ஆனால் அறை முழுவதையும் காட்டுவதைவிட, சுவர்மூலையில் முதுகை வைத்து நின்று அம்மம்மா அம்மி அடியில் இருப்பதை 35இல் எடுப்பதுதான் பிற்காலத்தில் உங்கள் குடும்பத்துக்கு வேண்டிய படம் என்று எனக்குத் தோன்றுகிறது.

40 பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 24க்கு 36 சட்டகத்தின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. என்பதால் 40 இயல்பான பார்வைக்கு மிக அருகிலுள்ளது. லைக்கா சிஎல் கமராவுக்காக வந்த 40 மி.மீ. எஃப்/2 சுமிக்ரோன்-சி மிக நல்ல லென்ஸ். ஆனால் அதை எம்2இல் பூட்டினால் 50இன் கோடுதான் எழும்பும். கோட்டுக்கு வெளியே எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் ஊகிக்க வேண்டும். அதைவிட, கையில் ஏற்கெனவே 50 இருக்கும்போது 40க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஓரடி முன்னே பின்னே வைப்பதுதான். லென்ஸ் ஒன்றும் இல்லாமல் கமரா மட்டும் வந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

துளை அளவுக்கு வருவோம், ஏனெனில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு ஒன்பது பாகைக்கும் பத்துக்கும் இடையே இருக்கிறது; சித்திரைப் புத்தாண்டை அண்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் நடுப்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும், நல்லூர்த் திருவிழாவும் அந்த இரண்டாவது காலத்தை ஒட்டியே வருகிறது. அந்த வெயிலில் 400 வேக (ஐஎஸ்ஓ 400) ஃபிலிமுக்கு 1/500 செக்கனில் எஃப்/16, அல்லது உங்கள் கமராவின் உச்ச வேகமான 1/1000இல் எஃப்/11. எஃப்/2இல் எடுக்க வேண்டுமானால் 1/32000 செக்கன் வேண்டியிருக்கும், அது இந்தக் கமராவில் இல்லை. 100 வேக ஃபிலிம் போட்டாலும் எஃப்/5.6க்கு மேல் திறக்க முடியாது. ஆகவே வெயிலில் எஃப்/1.4 லென்ஸ் என்பது பாரமும் விலையும் மட்டுமே. விறாந்தை நிழலில் 400 ஃபிலிமுக்கு ஏறக்குறைய 1/60, எஃப்/4 கிடைக்கும். உள்ளறையில் 1/30, எஃப்/2.8 என்று இறங்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் எகிறும் கண்ணாடி இல்லாததால் 35 லென்ஸை 1/15இலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையில் எடுக்கலாம். எஃப்/2க்கும் எஃப்/2.5க்கும் இடையேயுள்ளது ஒரு நிறுத்தத்தின் (ஒளி இரட்டிப்பாகும் ஒரு படியின்) மூன்றில் இரண்டு பங்குதான். விளக்கு வெளிச்சத்தில் மட்டும் எடுக்கும் இரவுகளுக்கு மாமாவின் 50 எஃப்/2 ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

சின்ன லென்ஸுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. சாளரத்தின் வலது கீழ் மூலையில் லென்ஸின் உடலும் அதன் நிழல்தடுப்பானும் தலைநீட்டிக் காட்சியை மறைக்கும். 35இன் கோடு 50இன் கோட்டைவிட அகலமானது என்பதால் மறைப்பும் கூட. எஃப்/1.4, எஃப்/1.2 லென்ஸ்கள் அந்த மூலையில் கணிசமான பகுதியைத் தின்றுவிடும். கண்ணாடி அணியும் உங்களுக்கு மற்ற மூலைகளே மட்டுமட்டாகத் தெரிகின்றன. இதையும் இழக்கக் கூடாது.

பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். கொசீனா நிறுவனம் பொயிட்லாண்டர் என்ற பெயரில் செய்த 35 மி.மீ. எஃப்/2.5 கலர்-ஸ்கோபார், எம் மவுண்டில் வந்த பதிப்பு, உங்களுக்கு முதல் தெரிவு. உள்ளங்கையில் மறையும் அளவு, 0.7 மீற்றர் வரை ஃபோகஸ், 39 மி.மீ. ஃபில்டர். மாமாவின் சுமிக்ரோனும் 39 மி.மீ. ஃபில்டரையே ஏற்பதால், கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வானத்தை இறக்க ஒரு மஞ்சள் ஃபில்டரை வாங்கி இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் போடலாம். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடியுமானால் அதே நிறுவனத்தின் 35 மி.மீ. எஃப்/2 அல்ட்ரோனும் 39 ஃபில்டர்தான், அது 0.58 மீற்றர்வரை நெருங்கும் என்று விளம்பரத்தில் காண்பீர்கள், ஆனால் எம்2இன் ரேஞ்ச்ஃபைண்டர் அந்தத் தூரத்துக்கு உங்களோடு வராது என்பதால் அதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம். கட்டடங்களில் உங்களுக்கு நாட்டம் வளருமானால் சைஸ் சி பயோகன் 35 எஃப்/2.8 இருக்கிறது. கோட்டை மதிலும் பழைய தூண்களும் அதில் வளையாமல் நிற்கும். கமராவுக்குள் எகிறும் கண்ணாடி இல்லாததால் லென்ஸின் பின்பகுதியை ஃபிலிமுக்கு மிக அருகே கொண்டுபோய் முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமச்சீராக வடிவமைக்க முடிகிறது. லுட்விக் பெர்டேலே 1950களின் தொடக்கத்தில் சைஸுக்காக வடித்த சமச்சீர்ப் பயோகன் வடிவம் அந்த வசதியிலிருந்து பிறந்ததே. எஸ்எல்ஆர் அகல லென்ஸ்கள் நீளமாகவும் கோடுகளைச் சற்று வளைப்பனவாகவும் இருப்பதற்கும், இவை குட்டையாகவும் நேராகவும் இருப்பதற்கும் அதுதான் காரணம். ஓரங்களில் கொஞ்சம் இருளும், ஆனால் ஃபிலிம் சாய்வாக வரும் ஒளியை நன்றாகவே ஏற்றுக்கொள்ளும்.

நீங்கள் கேட்ட பொயிட்லாண்டர் 35 எஃப்/1.4 நொக்டோன் எனக்குப் பிடித்த சிறிய லென்ஸ்தான், என்றாலும் அதன் முதற்பதிப்பில் துளையைச் சுருக்கும்போது ஃபோகஸ் பின்னே நகரும், நேர்கோடுகள் வெளிப்பக்கம் வளையும். அம்மம்மா வீட்டின் தூண்களுக்கு அது பொருந்தாது.

விலை மிகக் குறைவாக வேண்டுமானால் சோவியத் யூப்பிட்டர்-12, 35 மி.மீ. எஃப்/2.8, 1930களின் சைஸ் பயோகன் வழிவந்தது. திருகிப் பூட்டும் வகை. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள அடாப்டர் வளையம் வேண்டும். வாங்கும்போது 35க்கும் 135க்கும் கோடு எழுப்பும் அடாப்டரையே கேட்டு வாங்குங்கள், 50க்கு உரியதைத் தந்துவிட்டால் சாளரத்தில் 50இன் கோடுதான் தெரியும். சோவியத் லென்ஸ்களின் ஃபோகஸ் அளவுக்கும் லைக்காவின் அளவுக்கும் சிறு வித்தியாசம் உண்டு. 50இலும் 85இலும் தொந்தரவு தரும் அந்த வித்தியாசம் 35இல், எஃப்/4க்குச் சுருக்கினால், பெரும்பாலும் மறைந்துவிடும். அதன் பின்கண்ணாடி மிகவும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், கீழே வைக்கும்போது உடனே மூடியைப் போட வேண்டும். அது ஒரு மீற்றருக்குள் நெருங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய லென்ஸ் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் பூஞ்சணம். கடற்காற்றும் வடகீழ்ப் பருவ மழையும் சேர்ந்த இந்த ஊரில், ஏற்கெனவே வித்து விழுந்த லென்ஸ் ஒரு மாரிக்குள் வலைபோட்டுவிடும். பல ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு கடையில், கண்ணாடி அலுமாரிக்குள் பளபளவென்று இருந்த ஒரு பழைய 35ஐ வெளிச்சம் பிடித்துப் பார்க்காமல் வாங்கிவந்தேன். மார்கழியில் எடுத்துப் பார்த்தபோது உட்கண்ணாடியில் சிலந்திநூல் போலப் படர்ந்திருந்தது. துடைத்த பிறகும் பூச்சு அரிக்கப்பட்ட தடம் போகவில்லை. அதன் பின் எந்த லென்ஸையும் துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து கைபேசியின் விளக்கைச் சாய்வாகப் பிடித்து, முன்பக்கமிருந்து பார்க்காமல் வாங்குவதில்லை. நூல்நூலாகத் தெரிந்தால் பூஞ்சணம், விட்டுவிட வேண்டும். பால் தெளித்தது போன்ற மூட்டம் பெரும்பாலும் உட்புற எண்ணெயாவி, திறந்து துடைத்தால் போகலாம். ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் உட்கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டிருக்கிறது.

மாமாவின் சுமிக்ரோனையும் இன்றைக்கே இப்படிப் பாருங்கள். நல்லதாக இருந்தால் தோலுறையிலிருந்து வெளியே எடுங்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடும் ஒரு சிறிய ஈரப்பதமானியோடும் வையுங்கள். 40 முதல் 50 சதவீதம்வரை நின்றால் போதும், அதற்குக் கீழே மிகவும் உலர்த்தவும் வேண்டாம். மணிகளின் நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் போட வேண்டும். சிலிக்கா ஜெல்லுக்குப் பதிலாக அரிசி போடுபவர்களைக் கண்டிருக்கிறேன், அது தூசியையே தரும்.

இன்னொரு ஆபத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. எம்2இன் ஷட்டர் துணியால் ஆனது. நடுவே எகிறும் கண்ணாடி இல்லாததால் லென்ஸ் சூரியனைப் பார்த்தால் சூரியனின் பிம்பம் நேரே அந்தத் துணியில் விழும், துளை திறந்திருந்தால் ஊசிமுனை அளவு ஓட்டை எரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு படத்திலும் வெள்ளைப் புள்ளி. படகில் மடியில் கமராவை மேல்நோக்கி வைத்திருப்பதுதான் இதற்கு மிகவும் மோசமான நிலை. மூடியைப் போட்டுவைக்கலாம், ஆனால் சாளரத்தில் மூடி தெரியாது என்பதால் மூடியோடு பல படம் எடுத்துவிடுவோம். நான் செய்வது, நடக்கும்போது துளையை எஃப்/16இல் வைப்பது. எஃப்/2ஓடு ஒப்பிட்டால் துணியில் விழும் சூடு அறுபத்துநான்கில் ஒரு பங்காகிறது. லென்ஸின் முகத்தை உடம்பின் பக்கமோ நிலத்தின் பக்கமோ திருப்பிவைக்கும் பழக்கமும் வேண்டும்.

பாவிக்கும் முறையில் ஒன்று மட்டும். 35ஐ எஃப்/8இல் வைத்து ஃபோகஸை இரண்டரை மீற்றரில் நிறுத்தினால் ஏறக்குறைய 1.7 மீற்றரிலிருந்து 4.9 மீற்றர்வரை போதிய தெளிவு கிடைக்கும். வெளிவீதிக் கூட்டத்தில் முகங்கள் இருக்கும் தூரமும் அதுவே. ஐந்து மீற்றரில் நிறுத்தினால் இரண்டரை மீற்றரிலிருந்து அடிவானம்வரை. ஃபோகஸ் வளையத்தின் கீழேயுள்ள விரல்பிடி எந்தக் கோணத்தில் நின்றால் எத்தனை மீற்றர் என்று ஒரு வாரம் பழகினால், கமரா கண்ணுக்கு வருமுன் ஃபோகஸ் முடிந்திருக்கும்.

லென்ஸ் கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் தவணை முடியுமுன் ஒரு ரோலை இதற்கென்றே செலவழியுங்கள். தூரத்துப் பனையின் வட்டை வானத்துக்கு எதிரே பார்த்து, ஃபோகஸ் முடிவிலியில் முட்டும்போது இரண்டு பிம்பங்களும் ஒன்றாகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு மேசையில் அளவுநாடாவை நெடுக்கே விரித்து, ஒரு மீற்றர் தூரத்திலிருந்து நடு எண்ணில் ஃபோகஸ் செய்து, முழுத் துளையில் நான்கைந்து படம். அதே எண் கூர்மையாக வந்திருந்தால் லென்ஸும் கமராவும் ஒத்துப்போகின்றன. 50 லென்ஸோடும் அதையே செய்யுங்கள், ஏனெனில் இரண்டும் ஒரே பக்கம் பிழைத்தால் பிழை கமராவில், ஒன்று மட்டும் பிழைத்தால் அந்த லென்ஸில். கழுவ அனுப்பி வரும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஆறு வாரம் முன்னராவது லென்ஸ் உங்கள் கையில் இருக்க வேண்டும்.